அம்புக்குறி இல்லாத பலகை

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. பிரிண்டரில் நீல மை தீர்ந்துவிட்டது. கீழே இரும்புக் கடையில் யாரோ தகரம் அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட நாளில்தான் என்னிடம் தத்துவம் கேட்கிறார்கள்.

ஆக்லாந்திலிருந்து இமோஜென் எழுதியிருக்கிறாள். பசிபிக் தீவுகளின் வடிவமைப்பாளர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று தயாராகிறதாம், அவள்தான் பதிப்பாசிரியர். ஆளுக்கு இரண்டு பக்கம். ஒன்றில் என் சுனாமி எச்சரிக்கைப் பலகையின் படம். எதிரே, "காட்சித் தொடர்பு பற்றிய உங்கள் சொந்தத் தத்துவம், முந்நூறு சொற்களுக்குள்."

இப்படி ஒரு கடிதம் வரும் என்றுதானே தலைநகர் ஆப்பியாவில் இந்த இரும்புக் கடை மாடியில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தடவை படித்தேன். பிறகு பௌலோவுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"தத்துவமா? போன வாரம் கோழித் தீவனப் பைக்குப் படம் போட்டியே, அதுலயும் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கும்."

"கோழிக்குத் தெரியுமா?"

இவனுக்குத்தான் கழுத்தை நீட்டினேன்.

மார்ச் 5, செவ்வாய்

முதல் வாக்கியம் வந்துவிட்டது. "நல்ல படம் விளக்கம் கேட்பதில்லை."

திரும்பத் திரும்பப் படித்தேன். அழகாக இருக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டு முந்நூறு சொல் எழுதியதாகக் கணக்குக் காட்ட முடியுமா?

மார்ச் 10, ஞாயிறு

ஃபங்கலோதோ போய் வந்தோம். பௌலோவின் ஊர். கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து மதியச் சாப்பாடு, ஈரப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, பன்றி. வயிறு நிறைந்தது. மனம் நிறையவில்லை, காரணம் எசெதா.

போன மாதம் தெற்குக் கரை முழுவதும் என் பலகைகளை நட்டுவிட்டார்கள். ஆழ்ந்த நீலத்தில் வெள்ளை. ஒரு பக்கம் ஒரு வளைவு, அது மலை. மறுபக்கம் அதே வளைவு திருப்பிப் போட்டது, அது அலை. நடுவில் கால் அகட்டி ஓடும் ஓர் உருவம். எழுத்து கிடையாது. அம்புக்குறி கிடையாது. அம்புக்குறி என்பது வடிவமைப்பாளரின் தோல்வி என்று போன வருடம் ஆக்லாந்து மேடையில் சொன்னேன், கைதட்டினார்கள், விருதும் கொடுத்தார்கள். மலை இடப்பக்கம் இருக்கும் ஊர்களுக்கு ஒன்று, வலப்பக்கம் இருக்கும் ஊர்களுக்கு ஒன்று என்று இரண்டு வகை. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எனக்கு அதுவும் பெருமை.

ஃபங்கலோதோவில் சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இரண்டு பலகை. அதில் ஒன்று என் நாத்தனார் எசெதாவின் கடைக்கு நேர் எதிரே. அந்தப் பலகைக்கு அரிசிச் சாக்கு மாட்டி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

"என்ன அண்ணி இது?"

"வெயில்ல சாயம் வெளுத்துடும்ல. அதான் மூடி வெச்சேன்."

"அது வெளியில வைக்கிறதுக்குன்னே செஞ்சது."

"எனக்கென்னம்மா தெரியும், நான் பட்டணத்துல படிச்சவளா?" என்று சொல்லிவிட்டு டின் மீனை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ரசனை இல்லாதவர்களோடு சொந்தம் கொண்டாட வேண்டியிருக்கிறது. வரும் வழியெல்லாம் பௌலோவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்ச் 14, வியாழன்

வெள்ளைக்காரத் தம்பதி இருவர் வழி கேட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். கையில் அலைச்சறுக்குப் பலகை. தெற்குக் கரையில் "சறுக்க நல்ல இடம்" என்று நீலப் பலகை வைத்திருக்கிறதே, அங்கே எந்த மாதம் அலை பெரிதாக வரும் என்று கேட்டார்கள்.

அந்தப் பலகையை வரைந்தது நான்தான் என்று சொல்லவில்லை.

தத்துவம்: இன்று எழுத மனமில்லை.

மார்ச் 22, வெள்ளி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

ஃபங்கலோதோவில் இன்று சுனாமி ஒத்திகை. பேரிடர் அலுவலகத் தலைவர் தானியெலு என்னையும் அழைத்திருந்தார். கழுத்தில் மாலை, சாலைப் பிரிவோரம் உட்கார நாற்காலி, குடிக்க இளநீர். கோயில் வாசலில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அதுதான் அலை வருகிறது என்பதற்கு அடையாளம். ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் தோட்டப் பாதையில் மேட்டுக்கு நடந்தார்கள். என் பலகையை ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறந்த ஊரில் மலை எது என்று படம் பார்த்தா தெரிந்துகொள்வார்கள்? அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் பலகை யாருக்கு?

பெனினாவுக்கு. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை. பக்கத்துச் சவாயித் தீவுக்காரி, ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. கீழ் வகுப்புப் பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு பிரிவுப் பாதைக்கு வந்தாள். அங்கிருந்து பார்த்தால் வீடுகளும் ஈரப்பலா மரங்களும்தான் தெரியும், கடல் தெரியாது. சாக்குப் போடாத பலகை முன்னால் நின்றாள். பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். என் வேலையை அவ்வளவு கவனமாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் - அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு அவள் வலப்பக்கம் திரும்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை. நான் கூட ஏதோ குறுக்கு வழி போலிருக்கிறது என்று நினைத்தேன். புரிந்து நாலு ஆண்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது, சீருடையில் பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர் ஓரத்தில் வரிசையாக நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்களாம்.

தானியெலு ஒரு பையனைக் கேட்டார். "அது கடல்னு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியுமே."

"அப்புறம் ஏன் போனே?"

"பலகைல போட்டிருக்குன்னு டீச்சர் சொன்னாங்க."

முதலில் ஊரே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. நான் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 23, சனி

அந்த டீச்சருக்குக் கண்ணு எங்க போச்சு? வலப்பக்கம் இருக்கிறது அலை. அலையோட நுனி கொஞ்சம் உள்பக்கமா மடங்கியிருக்கு. மலை மடங்காது. இது கூடவா தெரியாது? விருது ஜூரியில ஆறு பேர், ஆறு பேருக்கும் புரிஞ்சது.

(ஜூரிக்கு முதலில் விளக்கக் குறிப்பு கொடுத்திருந்தார்கள். அதை எழுதியது நான்.)

மார்ச் 25, திங்கள்

தானியெலு கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் என் பலகையின் சிறு மாதிரி. அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே பேசினார்.

"மகெரிதா, உண்மையைச் சொல்றேன். எனக்கு மொத நாளே புரியல."

"அப்ப ஏன் சரின்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"வெளிநாட்டுல விருது வாங்கினதுன்னாங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் குத்தியது. "நீங்க இதை யார்கிட்டயாவது காட்டிக் கேட்டீங்களா?"

காட்டினேன். இமோஜெனிடம். என்னோடு படித்த இருவரிடம். குளியலறைக் கண்ணாடியிலும் ஒரு தடவை காட்டிப் பார்த்தேன், இரண்டு வகையும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று.

புதுப் படம் வேண்டுமாம். அதுவரை பலகைகளைத் துணி போட்டு மூடப்போகிறார்கள். எசெதா இந்த விஷயத்தில் அரசாங்கத்தை முந்திவிட்டாள்.

மார்ச் 28, வியாழன்

ஊர்ச்சபை கூடி பௌலோவின் குடும்பத்துக்கு அபராதம் போட்டிருக்கிறது. பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பிய குற்றத்துக்கு ஒரு பெரிய பன்றியும் டின் மீன் பெட்டிகளும். எதிர்த்துப் பேச முடியாது. பௌலோ பன்றியை வண்டியில் ஏற்றினான். அது கத்திய கத்தலில் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"கவலைப்படாதே, ரிதா. உன் தத்துவத்துக்கு இந்தத் தீவுல யாரும் இவ்வளவு பெரிய மரியாதை பண்ணதில்ல" என்றான்.

சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். பன்றிக்காக என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 1, திங்கள்

ஈஸ்டருக்கு ஃபங்கலோதோவிலேயே தங்கினோம். யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அது இன்னும் மோசம்.

சாயங்காலம் பெனினா வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். வந்ததும் மன்னிப்புக் கேட்டாள் - அவள் என்னிடம்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுல மலை எது?"

போனில் படத்தை எடுத்துக் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். கை மாறும்போது போன் திரும்பிக்கொண்டது, படமும் தலைகீழாகிவிட்டது.

"இதுதானே மலை?" என்று ஒரு வளைவைத் தொட்டாள்.

நான் பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்தேன். வரைந்தவள் நான். எத்தனையோ மாதம் இந்த இரண்டு வளைவையும் மயிரிழை மயிரிழையாகச் செதுக்கியவள். யோசிக்க வேண்டியிருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். குத்திக்காட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ராத்திரி கண்ணை மூடினா நடந்துகிட்டே இருக்கேன் மேடம். பிள்ளைங்க பின்னால பாடிக்கிட்டே வருதுங்க. நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேங்கிறேன்."

அவள் போன பிறகு இமோஜெனுக்காக எழுதி வைத்திருந்த ஒரே வாக்கியத்தை அழித்தேன். ஒத்திகையாக இருந்ததால் நான் இங்கே உட்கார்ந்து நகைச்சுவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால்?

ஏப்ரல் 6, சனி

பெட்டியோடு ஃபங்கலோதோவுக்கே வந்துவிட்டேன். ஆப்பியா அலுவலகத்தில் உட்கார்ந்து இவர்களுக்காக யோசிப்பதை நிறுத்திவிட்டு, கேட்டே பார்ப்பது என்று முடிவு. எசெதா வீட்டில்தான் தங்கல். சுவரில்லாத வீடு, நான் தூங்கி எழுவதை ஊர் பார்க்கும். பார்க்கட்டும். இனி மறைக்க என்ன இருக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

கடை வாசல் பெஞ்சில் எப்போதும் நாலைந்து பெண்கள் இருப்பார்கள். புதுப் படம் ஒன்றைக் காட்டினேன். இந்தத் தடவை மலைக்கும் அலைக்கும் வேறு வேறு நிறம், மலையில் மரம்கூட உண்டு. ஓடும் ஆள் மட்டும் பழையவனே. என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"வயித்தால போகுது பாவம். அவசரமா ஓடுறான்."

"இல்லடி, நாய் தொரத்துது. இவ நாயை வரைய மறந்துட்டா."

"அது சரி, இடுப்புல துணி எங்க? இப்படியேவா போதகர் வீட்டைத் தாண்டி ஓடுவான்?"

"பட்டணத்துக்காரன் போல இருக்கு. அங்கெல்லாம் காலைல சும்மாவே ஓடுவாங்களாம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒவ்வொன்றுக்கும் மறுப்பு வைத்திருந்தேன்; உருவம் என்பது பொதுவானது, ஆடையற்றது, எல்லோருக்குமானது. இதைப் போதகர் வீட்டு வாசலில் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

கடைசியில், அதுவரை சும்மா இருந்த ஒருத்தி படத்தைக் கையில் வாங்கினாள். "இவனுக்கு வீட்ல யாருமே இல்லையா? வெறுங்கையோட ஓடுறானே."

சிரிப்பு நின்றது. எசெதா கல்லாவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

இன்று எசெதா சொன்னாள். நான் கேட்கவில்லை. சேப்பங்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். என்னைப் பார்க்காமல், கிழங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

அவள் கணவன் விலியாமுவை நான் பார்த்ததில்லை. பல வருடத்துக்கு முன் வந்த பெரிய அலையில் போய்விட்டான், அப்போது நான் ஆக்லாந்தில் படித்துக்கொண்டிருந்தேன். அலையில் போனான் என்று மட்டும்தான் பௌலோ சொல்லியிருக்கிறான்.

"தண்ணி உள்வாங்கினதும் என்னைத் தோள்ல போட்டுகிட்டு ஓடினான். அப்ப எனக்குக் கால்ல அடிபட்டிருந்துச்சு, நடக்க முடியாது. நான் கனம். திட்டிக்கிட்டே வந்தேன், என்னை எறக்கி விடு, விழுந்து சாகப் போறேன்னு. மேல கொண்டாந்து எறக்கி விட்டான். மூச்சு வாங்கினான். அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி தனியா இருக்கும்னு சொல்லிட்டுத் திரும்ப ஓடினான்."

கத்தி நின்றது.

"உன் பலகைல இருக்கிறவன் எந்தப் பக்கம் போறான்னு ஊருக்கே தெரியலன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியும். அவன் கீழ எறங்குறான். தெனம் நான் கடை தொறக்கிறப்ப எறங்குறான். அதான் சாக்கு."

மன்னிச்சுக்கோங்க அண்ணி என்றேன் போலிருக்கிறது. அவள், "கெழங்கை ரொம்பச் சீவாதே, பாதி போச்சு" என்றாள்.

மார்ச் பத்தாம் தேதி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ரசனை இல்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

ஒன்றும் வரையவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

புதுப் படம். ஓர் ஆண், இடுப்பில் லாவலாவா வேட்டி, முதுகில் ஒரு பெண். அவன் கையைப் பிடித்து ஒரு குழந்தை. மூவரும் ஏறுகிறார்கள்; ஏறுவது தெரிய வேண்டும் என்பதற்காக முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, கால்விரல்கள் மண்ணில் ஊன்றி இருக்கும்படி வரைந்தேன். பச்சை மலை. பின்னால் நீல அலை, நுரையோடு. கீழே பெரிய எழுத்தில் நம் பாஷையில் "மேட்டுக்கு". அதற்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மஞ்சள் நிறத்தில் ஓர் அம்புக்குறி. குண்டாக. அசிங்கமாக.

வெறுமை என்று ஓர் அங்குலம்கூட இல்லை. என் பேராசிரியர் பார்த்தால் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வார்.

பெஞ்சுப் பெண்களிடம் காட்டினேன். இந்தத் தடவை ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். குழந்தை யாருடையது என்பதில் இருவருக்குச் சண்டையே வந்தது. ஆனால் மூவரும் எங்கே போகிறார்கள் என்று கேட்டதற்கு எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது. பெனினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அப்படியும் அம்பு மலையைத்தான் காட்டியது. முதல் தடவையாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

பௌலோ மட்டும், "அம்பா? நீயா?" என்றான்.

"வாயை மூடு."

மே 4, சனி

புதுப் பலகைகள் நட்டார்கள். எசெதா கடையை விட்டு இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காது பெருசா இருக்கு. விலியாமுவுக்குக் காது சின்னது."

"இது அவர் இல்ல அண்ணி. பொதுவா ஓர் ஆள்."

"எனக்குத் தெரியாதா." இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். "அவ ஏன் வாயை மூடிட்டு இருக்கா? முதுகுல இருக்கிறவ."

"எப்படி இருக்கணும்?"

"திட்டணும்ல."

கடைக்குத் திரும்பிப் போனாள். போகும்போது, என்னிடம் இல்லாமல் காற்றிடம் சொல்வது போல, "ஏறுறான்" என்றாள்.

மே 20, திங்கள்

இமோஜெனுக்கு நான் அந்த முந்நூறு சொல்லை அனுப்பவில்லை. போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தேன், என்னிடம் இப்போது தத்துவம் எதுவும் இல்லை, மன்னிக்கவும் என்று. இன்று புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் வந்திருக்கின்றன. இடப்பக்கத்தில் என் பழைய நீலப் பலகை. வலப்பக்கத்தில் மேலே என் பெயர். கீழே ஒன்றும் இல்லை. முழுப் பக்கமும் வெள்ளை.

கூடவே இமோஜெனின் கடிதம்: புத்தகத்திலேயே மிகத் துணிச்சலான பக்கம் இதுதானாம். குழுவில் ஒருவர் கண் கலங்கிவிட்டாராம்.

பௌலோவிடம் காட்டினேன். வெள்ளைப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல மலை எது?" என்றான். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். இமோஜெனுக்கு உண்மையைச் சொல்லி, படத்தையாவது மாற்றச் சொல்லி, புதுப் பலகையை அனுப்பியிருக்கிறேன். "கொஞ்சம் நெரிசலாக இருக்கிறதே" என்று பதில் வந்திருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

கையைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

எசெதாவுக்கு முட்டி வீங்கி நடக்க முடியாமல் போனதால் கடையைப் பார்த்துக்கொள்ள நான் வந்து மூன்று நாள். காலையில் கல்லாவில் இருந்தேன். தரை ஆடியது. முதலில் லாரி போகிறது என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து டின்கள் விழ ஆரம்பித்தன. ஆட்டம் நிற்கவேயில்லை. நின்றதும் சிலிண்டர் அடிக்கும் சத்தம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? மடிக்கணினியை எடுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். முதலில் மடிக்கணினியைத்தான் எடுத்தேன். வாசல்வரை போனேன். எதிரே பலகை. அதில் ஒருத்தன் ஒருத்தியைச் சுமந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தான்.

உள்ளே எசெதா பாயில் உட்கார்ந்திருந்தாள். "போடி. என்னை விட்டுட்டுப் போ. பாதி ஊரைச் சாப்பிட்டு வளர்த்த ஒடம்பு இது, உன்னால முடியாது."

முடியவில்லைதான். தூக்கிப் பார்த்தேன், இரண்டு பேரும் விழுந்தோம். கொல்லையில் சேப்பங்கிழங்கு அள்ளும் தள்ளுவண்டி கிடந்தது. அந்த ஒற்றைச் சக்கர வண்டி. அதைக் கொண்டுவந்து, எப்படி என்று இப்போது கேட்டால் தெரியாது, அவளை அதில் உருட்டி ஏற்றினேன். தள்ளினேன்.

தோட்டப் பாதையில் கல்லும் வேருமாக இருக்கும். அவள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் திட்டினாள். "இடப்பக்கம்டி. குருடி. கல்லு. என்னைக் கொல்றதுக்குன்னே என் தம்பி கட்டிட்டு வந்தான் உன்னை." நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். முன்னால் பெனினாவின் பிள்ளைகள் கைகோத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் பாடவில்லை. பெனினா ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்த்தாள். பாதி வழியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வண்டியின் முன்பக்கம் கயிறு போட்டு இழுத்தார். கடைசி ஏற்றத்தில் இழுக்க நாலு பேர்.

மேலே போய் வண்டியைச் சாய்த்தபோது எசெதா திட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. "எங்கயும் போகாதே" என்றாள். "மடிக்கணினி கீழ இருக்கு அண்ணி" என்றேன், ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. "எங்கயும் போகாதே." அபாயம் நீங்கியது என்று செய்தி வரும்வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை. அடையாளம் இப்போதும் நீலமாக இருக்கிறது.

தண்ணீர் வந்தது. முழங்கால் அளவுதான். சாலையைத் தாண்டி எசெதாவின் கடைக்குள் புகுந்து, சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. ஆளுக்குச் சேதமில்லை. ஒருவருக்கும் இல்லை.

ஜூன் 29, சனி

தானியெலுவிடமிருந்து செய்தி: ஃபங்கலோதோ பலகையை யாரோ கிறுக்கிக் கெடுத்திருக்கிறார்கள், புதிது போடட்டுமா?

போய்ப் பார்த்தேன். கறுப்பு மார்க்கரில் வரைந்திருக்கிறது. சுமந்துகொண்டு ஏறுகிறவனுக்குப் பின்னால், அதே மலையில், குச்சிக் கைகால்களோடு ஒருத்தி தள்ளுவண்டி தள்ளுகிறாள். வண்டி நிறைய இன்னொருத்தி, வாய் முகத்தைவிடப் பெரிதாகத் திறந்திருக்கிறது. யார் வரைந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

வண்டியின் கைப்பிடி தப்பான முனையில் இருக்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். சக்கரம் தரையில் படவில்லை. மலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. என்னால் தாங்க முடியவில்லை. எசெதா வீட்டுக்குப் போய்ப் பெயிண்ட் டப்பாவும் மெல்லிய தூரிகையும் எடுத்து வந்தேன்.

எசெதா கடைப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ணப் போறே?"

"அழிக்க மாட்டேன் அண்ணி. சக்கரம் தரையில படல. அதை மட்டும் கீழ எறக்கி விட்டுடறேன். இப்பப் பார்த்தா வண்டி பறக்கிற மாதிரி இருக்கு."

அவள் பலகையைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அப்படித்தான் போனோம்" என்றாள். "விடு."

டப்பாவை மூடி, அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.